அலாரம் அறிவிப்பில் ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவரை அழைக்க எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்?

இரவில் ஆள் இல்லாத பம்பிங் நிலையத்தில் அலாரம் வந்து, முதல் ஆபரேட்டர் போனை எடுக்காதபோது அடுத்தவரை அழைக்க எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், எஸ்கலேஷனில், அதாவது ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் என்று அழைப்பு நகரும் வரிசையில், எத்தனை படிகள் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அலாரம் வந்தால் போனில் அழைக்கும் மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர்கள் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பெரும்பாலும் அது 10 அல்லது 15 ஆக இருக்கும். அதில் கை வைக்கலாமா என்ற தயக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த 15-ஐ அப்படியே விட்டவன். அதன்பின் நடந்ததைச் சொன்னால்தான் என் பதில் விளங்கும்.

சில கழிவுநீர் பம்பிங் நிலையங்களின் பிஎல்சி (பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணிக்கும் மென்பொருள்), கருவிகள் ஆகியவற்றின் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. அவற்றில் ஒன்றில் சம்ப்பின், அதாவது கழிவுநீர் வந்து சேரும் தொட்டியின், நீர்மட்டம் 2.4 மீட்டரைத் தொட்டால் உயர்மட்ட அலாரம், 2.9 மீட்டரைத் தொட்டால் மிகை உயர்மட்ட அலாரம், 3.2 மீட்டரில் வழிந்து வெளியேறும் வாய். மழை பெய்த ஓர் இரவில் ஓடிக்கொண்டிருந்த பம்ப் ஓவர்லோடில் டிரிப் ஆகி நின்றது. இரண்டாவது பம்பின் செலக்டர் ஸ்விட்ச் பகலில் நடந்த வேலைக்குப் பிறகு மேனுவலிலேயே விடப்பட்டிருந்தது; அதனால் அது தானாக ஓடவில்லை. மட்டம் நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் வீதம் ஏறியது. 02:12-க்கு 2.4 மீட்டரைத் தாண்டியது. 60 வினாடித் தாமதத்துக்குப் பிறகு 02:13-க்கு அலாரம் பதிவாகி, மென்பொருள் அழைக்கத் தொடங்கியது. 02:52-க்குச் சம்ப் வழியத் தொடங்கியது. காலை 5:40-க்கு வேலைக்கு வந்தவர் வாசலிலேயே அதைப் பார்த்தார்.

அன்றிரவு அழைப்புப் பணியில் இருந்த ஆபரேட்டர் தூங்கவில்லை. வேறொரு நிலையத்தில் தரைமட்டத்துக்குக் கீழே வால்வு அறைக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. ஆகவே அழைப்பு அவருடைய வாய்ஸ்மெயிலுக்குப் போனது. மென்பொருளின் பதிவேட்டில் 02:14-க்கு “அழைப்பு ஏற்கப்பட்டது, ஒப்புகை பெறப்பட்டது” என்று ஒரு வரி எழுதப்பட்டது. அந்த ஒரு வரியோடு எஸ்கலேஷன் நின்றுவிட்டது. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் அழைப்பே போகவில்லை. 02:37-க்கு 2.9 மீட்டர் அலாரம் வந்தபோதாவது மீண்டும் அழைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதுவும் நடக்கவில்லை. ஒரே நிலையத்தின் அலாரங்களை ஒரு குழுவாகக் கருதி, குழுவில் ஒன்றுக்கு ஒப்புகை கிடைத்தால் 4 மணி நேரத்துக்கு மற்றவற்றுக்கு அழைக்காதே என்ற அமைப்பு, தொல்லை அழைப்புகளைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்பட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த ஆபரேட்டருக்கு மெமோ வந்தது. அழைப்பை ஏற்ற பிறகும் ஏன் சம்பவ இடத்துக்குச் செல்லவில்லை என்று அதில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் என்னிடம் வந்து எதுவும் பேசாமல் போனை நீட்டினார். வாய்ஸ்மெயிலில் 38 வினாடி ஒலிப்பதிவு இருந்தது: நிலையத்தின் பெயர், சம்ப் உயர்மட்டம், பிறகு “ஒப்புக்கொள்ள ஒன்றை அழுத்தவும்” என்று அந்த இயந்திரக் குரல் மூன்று முறை. மூன்று முறையும் யாரும் எதையும் அழுத்தவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அழைப்புக்குப் பதில் கிடைத்தாலே ஒப்புகையாகக் கொள் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எண்ணை அழுத்துவது சிரமமாக இருக்கிறது என்று சோதனை ஓட்டத்தின்போது யாரோ சொன்னதால் நிறுவியவர்கள் போட்ட டிக் அது. அந்தச் சோதனைப் படிவத்தில் கையெழுத்து என்னுடையது. ஒலிப்பதிவையும் பதிவேட்டையும் அமைப்புப் பக்கத்தின் நகலையும் இணைத்து நான் எழுதிக் கொடுத்த பிறகும், மெமோவைத் திரும்பப் பெற அவர்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. விசாரணைக் கூட்டத்துக்குக் கருவியியல் பிரிவிலிருந்து ஒருவரைக்கூட அழைக்கவில்லை. யார் தூங்கினார் என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு, மென்பொருள் எதை ஒப்புகை என்று எண்ணியது என்று கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது உங்கள் நிமிடக் கணக்குக்கு வருகிறேன். அன்று அந்த டிக் இல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்குமா என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மட்டம் 2.4 மீட்டரைத் தாண்டியதிலிருந்து வழியும்வரை 40 நிமிடம். யார் கிளம்பினாலும் எழுந்து உடை மாற்ற 3 நிமிடம், வண்டியில் வந்து சேர 15 நிமிடம், கதவைத் திறந்து பேனலைப் பார்த்து இரண்டாவது பம்பை ஓடவிட 5 நிமிடம், ஆக 23 நிமிடம். அலாரத்தின் தாமதம் 1 நிமிடம். முதல் ஆள் எடுக்காமல் 15 நிமிடம் போய், இரண்டாமவர் அழைத்தவுடனே எடுத்துக் கிளம்பியிருந்தால் 39-ஆவது நிமிடத்தில் பம்ப் ஓடியிருக்கும். வழிவதற்கு ஒரே ஒரு நிமிடம் முன்பு. அவரும் எடுக்காமல் மூன்றாமவர் எடுத்திருந்தால் 54-ஆவது நிமிடம். அதாவது பட்டியலில் மூன்றாமவரின் பெயர் இருந்ததே தவிர, அவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். அலாரத்திலிருந்து விளைவு நிகழும்வரை எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து வந்து சேரும் நேரத்தையும் வேலை செய்யும் நேரத்தையும் அலாரத் தாமதத்தையும் கழியுங்கள். எங்களுக்கு 16 நிமிடம் மிஞ்சியது. அதில் 4 நிமிடத்தைக் கையிருப்பாக வைத்துவிட்டு மீதி 12-ஐ மூன்று பேருக்குப் பிரித்தோம்; ஆளுக்கு 4 நிமிடம். அந்த 4 நிமிடத்துக்குள் ஒரே நபருக்கு இரண்டு முறை அழைப்பு போகும், நடுவே ஒரு நிமிட இடைவெளி, கூடவே ஒரு குறுஞ்செய்தி. மூன்றாமவர் தன் கடைசி வினாடியில் ஒப்புக்கொண்டாலும் 36-ஆவது நிமிடத்தில் பம்ப் ஓடிவிடும். இந்த 4 என்ற எண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சம்ப் எங்களுடையதைவிடச் சிறியதாக இருக்கலாம், உங்கள் ஆள் பக்கத்திலேயே தங்கியிருக்கலாம். ஒவ்வொரு அலாரத்துக்கும் தனித்தனியே இந்தக் கணக்கு வேண்டும். வடிகட்டியின் அழுத்த வேறுபாடு கூடியிருக்கிறது என்ற அலாரத்துக்கு 30 நிமிடம் கொடுத்தாலும் தவறில்லை. அதற்காக ஒருவரை நள்ளிரவில் எழுப்பவே தேவையில்லை.

கழித்துப் பார்க்கையில் மிஞ்சுவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். அப்போது டைம்அவுட்டை, அதாவது ஒவ்வொருவருக்கும் காத்திருக்கும் நேரத்தை, சுருக்கிப் பயனில்லை. அலாரத்தின் எல்லையைக் கீழே இறக்குங்கள், அல்லது மனிதர் வராமலே இயங்கும் இன்டர்லாக் வையுங்கள். “அறிவிப்பு மென்பொருளைப் பாதுகாப்பு ஏற்பாடாக நம்பியதே உங்கள் தவறு, இரண்டாவது பம்ப் தானாக ஓடியிருக்க வேண்டும்” என்று சிலர் இங்கே எழுதக்கூடும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. உயிருக்கோ தீக்கோ தொடர்புள்ள எதையும் போன் அழைப்பை நம்பி விடக் கூடாது. ஸ்விட்ச் மேனுவலில் இருக்கிறது என்பதையே இப்போது நாங்கள் ஓர் அலாரமாக வைத்திருக்கிறோம். ஆனால் தானியங்கி ஏற்பாடு தவறும் இரவும் வரும். அழைப்பு முறை இருப்பது அந்த இரவுக்காகத்தான்.

60 வினாடித் தாமதத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். அலாரம் மேலாண்மைக்கான ஐஎஸ்ஏ 18.2 தரநிலை, சிக்னலின் வகையைப் பொறுத்துத் தொடக்க மதிப்புகளைத் தருகிறது: நீரோட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 வினாடி, மட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 60 வினாடி. அலை அடித்து மட்டம் ஏறி இறங்கும் சம்ப்பில் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் ஒரே அலாரம் இரவு முழுக்க வந்து வந்து போகும். மூன்றாம் நாள் ஆபரேட்டர் போனைச் சைலன்ட்டில் போட்டுவிடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தாமதமும் மேற்சொன்ன 40 நிமிடத்திலிருந்துதான் கழிகிறது என்பதை மறந்து, பிஎல்சியில் ஒன்று, ஸ்காடாவில் ஒன்று, அறிவிப்பு மென்பொருளில் ஒன்று என்று மூன்று இடத்திலும் தாமதம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்புகை என்பது என்ன என்று முடிவு செய்வதுதான் நிமிடங்களைவிட முக்கியம் என்பேன். அழைப்பு இணைந்தது ஒப்புகை ஆகாது. குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்ததும் ஆகாது. குறுஞ்செய்தி வலையமைப்பில் சேமிக்கப்பட்டுப் பிறகு அனுப்பப்படுவது, எத்தனை நிமிடத்தில் சேரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. மனிதர் ஒருவர் தன் குறியீட்டு எண்ணை அழுத்த வேண்டும். யார் அழுத்தினார் என்பது பெயரோடு பதிவாக வேண்டும். நாங்கள் இரண்டு இலக்க எண் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம், முணுமுணுப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் விரைவாக இருக்குமே என்று உங்கள் மேலாளர் கேட்பார். அனுப்பிப் பார்த்தோம், ஐந்து பேருக்குப் போன செய்தியில் ஐந்து பேரும் மற்ற நால்வரில் ஒருவர் போயிருப்பார் என்று நினைத்தார்கள்.

ஒப்புகை கிடைத்த பிறகும் ஒரு கடிகாரம் ஓட வேண்டும். ஒப்புக்கொண்டவர் வழியில் பஞ்சராகி நிற்கலாம், எண்ணை அழுத்திவிட்டு மறுபடி கண்ணயரலாம். எங்கள் கணக்கில் வந்து சேர்ந்து சரிசெய்ய 23 நிமிடம் என்பதால், ஒப்புகைக்குப் பிறகு 20 நிமிடத்தில் மட்டம் இறங்கத் தொடங்காவிட்டால் அவரையும் அவருக்கு அடுத்தவரையும் சேர்த்து அழைக்கும்படி வைத்தோம். அந்த 20 எனக்கு இன்னும் திருப்தியாக இல்லை. முதல் ஆளே தாமதித்தால் அது பிந்திவிடும். அதனால்தான் 2.9 மீட்டர் அலாரம் எந்தக் குழு அடக்கத்தையும் உடைத்துக்கொண்டு, முன்பு கிடைத்த ஒப்புகையைப் பொருட்படுத்தாமல், பட்டியலின் முதலிலிருந்து புதிதாக அழைக்கும்படி மாற்றினோம்.

பட்டியலின் கடைசிப் பெயருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பல மென்பொருள்களில் அந்த இடம் காலியாக இருக்கும். கடைசி நபரும் எடுக்காவிட்டால் அமைதியாக நின்றுவிடும். மீண்டும் முதலாமவரிடம் திரும்பும்படியும், 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஓர் அறையில் மணி ஒலிக்கும்படியும் வையுங்கள்.

இன்னொன்று, அழைக்கும் வழியின் கொள்ளளவு. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில், இரண்டு ஆபரேட்டர்களின் முன்னால் 275 அலாரங்கள் வந்ததாக விசாரணையில் தெரிந்தது. அவ்வளவு வேண்டாம், 30 அலாரம் போதும். உங்களிடம் ஒரே ஒரு மோடம் இருந்து, ஓர் அழைப்புக்கு 40 வினாடி என்றால், முப்பதாவது அலாரம் வரிசையில் நின்று வெளியே வரவே ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அப்போது நீங்கள் கட்டத்தில் எழுதிய 4 நிமிடத்துக்கு அர்த்தமே இல்லை. முன்னுரிமை வரிசையில் அழைக்கிறதா, வந்த வரிசையில் அழைக்கிறதா என்று உங்கள் மென்பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னுரிமை என்றால் எல்லாப் பிரிவினரும் தங்கள் அலாரத்தை மிக அவசரம் என்பார்கள். தரநிலைகள் சொல்லும் பங்கீடு குறைந்த முன்னுரிமைக்கு 80 சதவீதம், நடுத்தரத்துக்கு 15, உயர்ந்ததற்கு 5 என்ற அளவில் இருக்கிறது. அந்த 5 சதவீதத்துக்கு மட்டுமே நள்ளிரவு அழைப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிமிடங்களை மாற்றுவதற்கு முன்னால், இன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். பட்டியலின் முதல் ஆளுடைய போனை அணைத்து வைக்கச் சொல்லி, ஒரு சோதனை அலாரத்தை எழுப்பி, அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகும்வரை காத்திருந்து, பதிவேட்டில் அடுத்த வரி என்ன எழுதுகிறது என்று படியுங்கள். ஒப்புகை பெறப்பட்டது என்று எழுதினால், முதலில் அந்த டிக்கை எடுங்கள். பிறகு சம்ப்பின் அளவுகளை இங்கே எழுதுங்கள், உங்களுக்கான நிமிடக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.