ஈரலைப் பார்க்காமல் வைரஸ் என்று சொல்பவரை நம்பாதீர்கள்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கத்தில் காபித் தோட்டத்தை ஒட்டி வீடு. நாற்பது முயல் வளர்க்கிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து ஒன்பது குட்டிகளும், சேலத்திலிருந்து மதியம் ஆட்டோவில் ஏற்றிவந்த இரண்டு பெரிய முயல்களும் செத்துவிட்டன. குட்டிகளுக்கு வயிறு ஊதிக் கழிச்சல். பெரிய முயல் ஒன்றுக்கு மூக்கில் ரத்தம். ராத்திரியில் தோட்டத்துக்குக் காட்டு முயல் வருகிறது, அதிலிருந்துதான் வைரஸ் வந்திருக்கிறது என்கிறார் முயல் கொடுத்த ஏஜென்ட். ஊசி வாங்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் மிச்சத்தைப் பாதி விலைக்கு எனக்கே கொடுத்துவிடுங்கள் என்கிறார். என்ன செய்வது? குழந்தைகள் முயலைத் தூக்கி விளையாடுகிறார்கள், அவர்களுக்கும் ஒட்டுமா?

பதில்: குழந்தைகள் விஷயத்தில் பயப்பட வேண்டாம் அம்மா. முயலைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வைரஸ்கள் மனிதருக்குத் தொற்றுவதில்லை. சொறி, படர்தாமரை போன்றவை முயலிடமிருந்து கைக்கு வரலாம். சாவு நிற்கும்வரை குழந்தைகளைக் கொட்டகைக்குள் விடாதீர்கள், முயலைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். செத்த முயலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சமைக்கக் கூடாது.

இப்போது ஏஜென்ட் சொன்ன கதைக்கு வருவோம். அவர் சொல்லும் நோய் உலகத்தில் உண்டு. ஜெர்மனியிலிருந்து சீனாவுக்குக் கொண்டுபோன அங்கோரா முயல்களிடம் 1984-ல் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். ஈரலைத் தாக்கி, உள்ளுக்குள் ரத்தம் கசிய வைத்து, காய்ச்சல் கண்ட ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். அந்த முதல் ரகம் வீட்டு முயலையும் அதன் மூதாதையான ஐரோப்பிய முயலையும் மட்டுமே வாட்டியது. சின்னக் குட்டிகள் தப்பிவிடும். 2010-ல் பிரான்சில் இரண்டாவது ரகம் ஒன்று தலைகாட்டியது. அது குட்டியையும் விடவில்லை, ஐரோப்பாவின் காட்டு முயல் இனங்கள் சிலவற்றுக்கும் தாவியது. 2020-ல் அமெரிக்காவின் தென்மேற்கில் காட்டு முயல்கள் நிறையச் செத்தது இந்த ரகத்தால்தான். அதே ஆண்டு சிங்கப்பூரில் வீட்டு முயல்களிடமும் வந்தது. ஏஜென்ட் இந்தச் செய்தியைப் போனில் எங்கோ பார்த்திருப்பார். பாதியை எடுத்துக்கொண்டு உங்கள் கொட்டகையில் ஒட்டவைத்துவிட்டார். இன்னொரு வைரஸ் கண் இமையும் முகமும் வீங்கி, கட்டிகட்டியாக வந்து சாகும் நோய். ஆஸ்திரேலியாவில் 1950-ல் காட்டு முயல்களை ஒழிப்பதற்கென்றே பரப்பிவிட்டது. கொசுவும் தெள்ளுப்பூச்சியும் அதைக் கடத்தும். உங்கள் முயல்களுக்கு முகவீக்கம் இல்லை, அதை விட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குட்டியின் வயிற்றை அறுத்து எடுத்த படத்தில் ஈரல் முழுக்கக் கம்பு தூவியதுபோல வெளிர் மஞ்சள் புள்ளிகள். இன்னொரு படத்தில் கூண்டுக்கு அடியில் விரித்த கோணிச் சாக்கு நனைந்து கிடக்கிறது, அதன்மேல் புழுக்கை, அந்தப் புழுக்கைமேலேயே கீரைத்தண்டு விழுந்து கிடக்கிறது. தாயிடமிருந்து பிரித்த ஒரு மாதக் குட்டி, ஊதிய வயிறு, கழிச்சல், ஈரலில் இப்படிப் புள்ளி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காக்சிடியாவை. கோழிக்காரர்கள் ரத்தக் கழிச்சல் என்பார்களே, அந்த வகைக் கிருமிதான், முயலுக்கென்று தனி ரகம். அது வைரஸ் இல்லை. தடுப்பூசி தேடி அலைய வேண்டியதும் இல்லை, தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறது. அளவை முயலின் எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

பெரிய முயல்கள் இரண்டையும் மதிய நேரத்தில் சேலத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முயலுக்கு வியர்க்காது. 30 டிகிரி தாண்டினாலே மூச்சு வாங்கும், 35 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த முயல், வெப்பத்தாக்கத்தால் மூக்கில் ரத்தம் கலந்த நீர் வடிந்து சாகலாம். சளிநோய்க் கிருமி ரத்தத்தில் ஏறினாலும் திடீர்ச் சாவு உண்டு. ஆகவே மூக்கில் ரத்தம் என்ற ஒன்றை வைத்து வைரஸ் என்று யாராலும் முடிவு கட்ட முடியாது. ஈரலைச் சோதித்தால்தான் தெரியும்.

காட்டு முயல் மேல் பழிபோட உங்கள் விஷயத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. சேர்வராயன் மலையில் ராத்திரி மேய வருவது வேறு இனம். கூண்டில் இருக்கும் முயலோடு அது சேராது, குட்டியும் போடாது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைக்கூண்டுக்கு அருகே அது வரப்போவதும் இல்லை. அது புழுக்கை போட்ட இடத்தில் புல் அறுக்காமல் இருந்தால் போதும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. காபி பறிக்கப் போகிற இடத்தில், களை வெட்டுகிற இடத்தில், காட்டு முயல் குட்டி தனியாகக் கிடக்கும். பாவம் என்று யாராவது மடியில் கட்டிக்கொண்டு வந்து வீட்டு முயல் கூண்டில், பால் கொடுக்கும் தாயோடு விடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நடந்திருந்தால் நான் மேலே சொன்னது பொருந்தாது. காட்டு விலங்கின் கிருமி, உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாம் நேராகக் கூண்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குட்டியை யாரும் தொலைத்துவிட்டுப் போகவில்லை. காட்டு முயல் தன் குட்டியைப் புல் மறைவில் விட்டுவிட்டு இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும், பகல் முழுக்க அது தனியாகத்தான் கிடக்கும். எடுத்த இடத்திலேயே அன்றைக்கே விட்டுவிட வேண்டும். மனிதன் தொட்டதைத் தாய் சேர்க்காது என்பதை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், கறிக்கு வாங்குவதும் குற்றம். ஊர்த் திருவிழாவுக்கு வேட்டைக்குப் போய்வந்த வலையும் சாக்கும் கொட்டகைக்குள் வரக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொட்டகைக்குள் நோயைக் கொண்டுவர எளிதான வழி ஏஜென்டின் கூண்டுதான். உங்கள் மூன்றாவது படத்தில் அவருடைய பச்சைப் பெட்டி இருக்கிறது, மூலையில் காய்ந்த புழுக்கை அப்பியிருக்கிறது. அது உங்கள் முயலுடையது இல்லை. எத்தனை பண்ணை ஏறி இறங்கி வந்ததோ! ஈரலைத் தாக்கும் அந்த வைரஸ் துணியில் காய்ந்துகூட மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், காக்சிடியாவும் லேசில் சாகாது. ‘ஏழு பெண், மூன்று ஆண் ஒரு யூனிட், குட்டியை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்’ என்று விற்பவர்கள் ஒரு பண்ணையின் குட்டியை அடுத்த பண்ணைக்குத் தாய் முயலாகக் கொடுப்பார்கள். ஈமு கோழியில் 2012-ல் கொங்கு மண்டலமே இந்தப் பேச்சைக் கேட்டுப் பணத்தை இழந்தது. இறைச்சிக்கு வாங்க ஆளில்லாமல், ஒரு வளர்ப்பவரின் குட்டியை இன்னொரு வளர்ப்பவருக்கே விற்கும் தொழில் எத்தனை நாள் ஓடும்? நோய் வந்ததும் பாதி விலைக்கு அவர் ஏன் கேட்கிறார்? அந்த முயல்களை மலையடிவாரத்தில் இன்னொருவருக்கு முழு விலைக்கு விற்பார். கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்த வீட்டிலும் இதே சாவு நடக்கும்.

ஊசி விஷயத்திலும் அப்படியே. குப்பியை வாங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். எந்த நோய்க்கு, எந்த விலங்குக்கு, தயாரித்தவர் யார், காலாவதி எப்போது என்று இருக்க வேண்டும். முயல் என்ற சொல்லே இல்லாத குப்பியைத் தொடாதீர்கள். கோழிக் கழிச்சல் ஊசியும் ஆட்டுக்கொல்லி ஊசியும் முயலின் வைரஸைத் தடுக்காது. ஐஸ் இல்லாமல் சட்டைப்பையில் வருவது எதுவாக இருந்தாலும் வீண்.

மருந்துக்கடையில் ‘கழிச்சலுக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, அந்த மருந்தே முயலைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். இவை இரண்டாலும் செத்த முயல்கள் வைரஸ் கணக்கில் போய்ச் சேருகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்து ஏதாவது செத்தால் அறுக்காமல் இரண்டு பாலிதீன் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே சேலத்துக்கு அனுப்புங்கள். ஃபிரீசரில் கல்லாக்க வேண்டாம். கூடவே உயிரோடு இருக்கும் குட்டிகளின் புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் தனியாக வையுங்கள். புழுக்கையை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் காக்சிடியா இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். கால்நடைத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவோ, ஆத்தூர் தாண்டித் தலைவாசலில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியோ இதற்கான இடம். கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போட்டு முயல் என்று சொல்லிக் கேளுங்கள். ‘முயலா?’ என்று ஒரு தயக்கம் வரும், விடாதீர்கள். மாட்டுக்குக் கோமாரி முகாம், ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி முகாம் என்று நடக்கிறது. கால்நடைக் கணக்கெடுப்பில் முயலையும் எண்ணிக்கொண்டு போகிறார்கள், நோய் என்றால் மட்டும் அது யார் பொறுப்பு என்று தெரியாது. மலைமேலிருந்து ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு பஸ் மாறி வந்து நிற்க வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

முடிவு வரும்வரை முயல் உள்ளேயும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது. கோணிச் சாக்குகளை எரித்துவிடுங்கள். கூண்டை முதலில் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின்மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அடித்தால் வைரஸ் இருந்தாலும் போய்விடும். காக்சிடியா அதற்கு அசையாது, கொதிக்கும் வெந்நீர் ஊற்றுங்கள், இல்லை தீக்குழாயால் கம்பியைச் சுடுங்கள், பிறகு வெயிலில் காயவையுங்கள். இதையெல்லாம் முயலை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். சோதனைக்கு அனுப்பாத உடல்களை ஓடையில் வீசாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாயும் காக்கையும் தோண்டி எடுத்தால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். தீவனத்தைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள், பனி ஈரத்தோடு புல் போடாதீர்கள்.

காக்சிடியா என்று வந்தால் மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை புழுக்கை பாருங்கள். வைரஸ் என்று வந்தால் மிச்சமுள்ள முயல்களை இணை சேர்க்கவோ விற்கவோ வேண்டாம், துறை மருத்துவர் நேரில் வந்து சொல்லட்டும். எது வந்தாலும் புது முயல் வாங்கினால் ஒரு மாதம் வீட்டின் மறுபக்கம் தனிக் கூண்டில் வைத்து, அதற்குத் தீவனம் போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முயல் எடுக்கப் போகும்போது உங்கள் சொந்தப் பெட்டியைக் கொண்டுபோங்கள், விடியற்காலையில் ஏற்றுங்கள்.