‘பன்றி இறைச்சி இல்லை’ என்றால் ஹலால் ஆகிவிடுமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏறத்தாழ 120 பேருக்குத் தீபாவளி ஒன்றுகூடல் நடத்துகிறோம். சென்ற ஆண்டு வந்திருந்த மலாய் அண்டைவீட்டார் பொட்டலப் பானம் மட்டும் அருந்திவிட்டுக் கிளம்பியது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. இம்முறை ஓர் உணவு ஏற்பாட்டாளர், தமிழ், சீன, மலாய் உணவு மூன்றையும் தானே தருவதாகவும், எதிலும் பன்றி இறைச்சியோ அதன் கொழுப்போ இல்லாததால் எல்லாம் ஹலால்தான் என்றும் சொல்கிறார். சில குடும்பங்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவரவும் விரும்புகின்றன. அவரை நம்பலாமா?

பதில்: அவர் சொன்ன காரணத்தை வைத்து நம்ப வேண்டாம். பன்றி இறைச்சி சேர்க்கவில்லை என்பது ஹலாலுக்கான நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. கோழியும் ஆடும் இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். சேர்மானங்களில் விலக்கப்பட்டவை எதுவும் கலந்திருக்கக் கூடாது. சமைத்த பாத்திரமும் தூய்மையானதாக இருக்க வேண்டும். உங்கள் அண்டைவீட்டார் சாப்பிடாமல் போனதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவது காரணமே அடிப்படையாக இருந்திருக்கும். சிங்கப்பூர் மலாய் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபின்படி, பன்றி இறைச்சி பட்ட பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மட்டும் போதாது. ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆகவே, சைவ உணவாகவே இருந்தாலும் எந்தச் சட்டியில் செய்தது என்று தெரியாதபோது அவர்கள் தயங்குவது இயல்பு. அதை உங்கள் விருந்தோம்பலை மறுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேர்மானங்களில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது திரவங்களில்தான். சீனச் சமையலில் இறைச்சியை ஊறவைக்கவும் வதக்கலை முடிக்கும்போது தெளிக்கவும் ஷாவ்ஷிங் அரிசி மதுவைப் பயன்படுத்துவது வழக்கம். ஜப்பானிய உணவில் மிரின் என்னும் இனிப்பு அரிசி மது அதே இடத்தைப் பிடிக்கிறது. கொதித்தால் மது ஆவியாகிவிடும் என்ற வாதத்தை நான் பல சமையல்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். மதுவை வேண்டுமென்றே சேர்த்த உணவு ஹலால் அல்ல என்பதால், எவ்வளவு ஆவியானது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. குழந்தைகளுக்கென்று வாங்கும் ஜெல்லியில் உள்ள ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது; அதற்குப் பதிலாகக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகர் வாங்கினால் முஸ்லிம்களுக்கும் சைவ உணவு உண்பவர்களுக்கும் ஒருசேரப் பொருந்தும்.

இனி அந்த ஏற்பாட்டாளர். இத்தகையவர்களில் பலருக்குச் சொந்தச் சமையலறையே கிடையாது. உங்களிடம் ஒரே விலை பேசி, பிரியாணியை ஓரிடத்திலும் மீ கோரெங் என்னும் வறுத்த நூடல்ஸை இன்னோரிடத்திலும் வதக்கிய காய்கறியை மூன்றாவது இடத்திலும் வாங்கி, ஒரே மாதிரியான தட்டுகளுக்கு மாற்றி, ஒரே வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். சான்றிதழ் கேட்டால் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது அவர் உணவு வாங்கும் மூன்று இடங்களில் ஒன்றுக்கு மட்டும் உரியதாக இருக்கும். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978ஆம் ஆண்டு முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அந்தச் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட இடத்துக்கு உரியது. உணவங்காடிக் கடைகளும் உணவகங்களும் ஒரு திட்டத்தின்கீழ் வருகின்றன; விருந்துக்கு மொத்தமாகச் சமைத்து அனுப்பும் சமையலறைகள் வேறொரு திட்டத்தின்கீழ் வருகின்றன. கடைக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு வேறிடத்தில் சமைத்த உணவை விற்பவரிடம் நீங்கள் பெறும் உறுதிமொழிக்கு மதிப்பில்லை. முயிஸின் அனுமதியின்றி ஹலால் சான்றிதழையோ அதன் சின்னத்தையோ பயன்படுத்துவது முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி குற்றம். 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனாலும் வாய்வார்த்தையாக ‘ஹலால்தான்’ என்று சொல்லிவிட்டுப் போகும் இடைத்தரகரைப் பிடிப்பது எளிதன்று. விருந்து முடிந்த பிறகு அவருடைய எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதும் இல்லை.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: எந்த முகவரியில் சமைக்கிறீர்கள், அந்தச் சமையலறையின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது? பதில் கிடைத்தால், உரிமம் பெற்ற உணவு விநியோகிப்பாளர்களின் பட்டியலைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்திலும், சான்றிதழ் பெற்ற இடங்களின் பட்டியலை முயிஸின் ஹலால்எஸ்ஜி தளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், முகவரி, சான்றிதழ் காலாவதியாகும் நாள் மூன்றும் பொருந்த வேண்டும். ரசீதும் அதே பெயரில் இருக்க வேண்டும். இரண்டு தளங்கள், இரண்டு பெயர்கள் என்று இதை ஒரு தொண்டூழியரின் தலையில் கட்டியிருப்பது எனக்கு ஏற்புடையதன்று. கடையின் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் நிறுவனப் பதிவில் இன்னொரு பெயரும் இருக்கும்போது, மாலையில் வேலை முடிந்து வந்து இதைச் செய்யும் அறுபது வயதுச் செயலாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உரிமமும் சான்றிதழும் ஒரே பக்கத்தில் தெரியும்படி செய்தால் இடைத்தரகர்களின் பாதித் தொழில் நின்றுவிடும். அதுவரை, முதன்மை உணவுகள் அனைத்தையும் சான்றிதழ் பெற்ற ஒரே சமையலறையிலிருந்து நேரடியாக வாங்குங்கள். மூன்று சமூகத்தின் உணவையும் ஒன்றாகச் செய்து தரும் இத்தகைய விநியோகிப்பாளர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏற்பாட்டுக் குழுக்கள் எதிர்த்திசையில் தவறு செய்கின்றன. முயிஸ் சான்றிதழ் கட்டாயமானதன்று. விரும்பி விண்ணப்பிப்பவர்களுக்கே வழங்கப்படுகிறது. முஸ்லிம்கள் நடத்தும் எத்தனையோ கடைகள் அது இல்லாமலே ஹலால் உணவை விற்கின்றன. வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்களுக்கோ முயிஸ் சான்றிதழே வழங்குவதில்லை. அப்படியிருக்க, பத்தாம் மாடியிலிருந்து ஒரு மலாய் அம்மா ஒன்றுகூடலுக்கென்று தம் கையால் ரெண்டாங் என்னும் மலாய் இறைச்சிப் பிரட்டலைச் செய்து கொண்டுவந்தால், அவரிடம் சான்றிதழ் கேட்பது பொருளற்றது. அது அவரைப் புண்படுத்தவும் செய்யும். அவர் விற்கவில்லை, பகிர்கிறார். அவருடைய சமையலறையை மற்ற முஸ்லிம் விருந்தினர்கள் தயக்கமின்றி நம்புவார்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மாட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழி ரெண்டாங் செய்ய இயலுமா என்பது. இந்துக்களில் பெரும்பாலோர் மட்டுமல்லாமல், குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீனர்கள் பலரும் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆனால் அதே அம்மாவிடம் 120 பேருக்குக் காசு கொடுத்துச் சமைக்கச் சொன்னால் நிலைமை மாறிவிடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலிருந்து விருந்துகளுக்கு உணவு விநியோகிப்பதற்கு அனுமதி இல்லை.

மற்றக் குடும்பங்கள் வீட்டில் சமைத்தவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. அவற்றுக்குத் தனி மேசை போடுங்கள். கரண்டிகளும் தட்டுகளும் இரு மேசைகளுக்கும் இடையே இடம் மாறாதபடி ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் யார் வீட்டில் சமைத்தது, என்னென்ன சேர்த்தது என்று எழுதிய அட்டை இருக்கட்டும். நல்லெண்ணத்தில் ‘ஹலால்’ என்று மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். தேக்கா சந்தையில் முஸ்லிம் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியாக இருந்தாலும், உங்கள் வீட்டுச் சட்டியின் வரலாறு விருந்தினருக்குத் தெரியாது. சைவர்களுக்கும் இந்த அட்டை தேவைப்படும். கங்கோங் கீரை வதக்கலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது கலந்திருக்கலாம். சாதாரணச் சிப்பிச் சாறு சைவமன்று, காளானில் செய்த மாற்றுச் சாறு கடைகளில் கிடைக்கிறது. பௌத்தச் சைவர்களில் பலர் வெங்காயமும் பூண்டும் தொடுவதில்லை என்பதால், சின்ன வெங்காயம் போட்ட நம் சாம்பாரை அவர்களுக்குச் சைவம் என்று பரிமாறுவதும் சரியன்று. அவர்களுக்கென்று ஒரு பாத்திரம் பருப்பை இரண்டும் சேர்க்காமல் சீரகம் மட்டும் தாளித்து எடுத்துவைக்கலாம்.

விநியோகிப்பாளர் கொண்டுவரும் உணவில் எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்ற நேரக் குறிப்பு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரமே கணக்கு. உரைகளும் நடனங்களும் நீண்டுபோகும் ஒன்றுகூடல்களில் சோறும் தேங்காய்ப்பால் குழம்பும்தான் முதலில் கெடும் என்பதால், சாப்பாட்டை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

அழைப்பிதழில் ‘ஹலால் உணவு வழங்கப்படும்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, விநியோகிப்பாளரின் பெயரையும் அவருடைய சான்றிதழ் எண்ணையும் அச்சிடுங்கள். உங்கள் மலாய் அண்டைவீட்டார் வருவதற்கு முன்பே தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.