பழைய கார் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேரும் தம்பிக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு முன் வந்த தம்பி ஒருவர், மத்திய இங்கிலாந்திலுள்ள பழைய கார் அருங்காட்சியகம் ஒன்றில் காட்சிக்கூட உதவியாளராக வேலை கிடைத்திருப்பதாகவும், வருகிற திங்கட்கிழமை தொடங்கவேண்டும் என்றும், கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அங்கே எப்படி நிற்கப்போகிறேனோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதி, அதற்குள் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தார். நானும் அத்தகைய ஓர் இடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, புத்தகத்தைப் பிறகு படிக்கலாம். முதலில் உங்கள் கைகளைப் பழக்குங்கள். நல்ல காரொன்றைக் கண்டால் அதன் மட்காட்டைத் தடவிப் பார்ப்பது ஊரில் எங்களுக்கு இயல்பு. இங்கே அது பெரும் பிழை. நான் சேர்ந்த முதற் கிழமையில், 1910ஆம் ஆண்டுக்கு முந்திய கார் ஒன்றின் பித்தளை விளக்கில் தூசி படிந்திருக்கக் கண்டு, நல்லெண்ணத்தோடு வெறுங்கையால் துடைத்துவிட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. சில கிழமைகள் கழிந்தபோது விளக்கின் விளிம்பில் என் பெருவிரல் ரேகை, கோடு கோடாக, தேயிலைச் சாயத்தின் நிறத்தில் எழும்பி நின்றது. வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் உலோகத்தை அரித்துவிடும். அந்த அடையாளத்தைப் போக்க மினுக்கத்தான் வேண்டும். ஆனால் மினுக்கும் ஒவ்வொரு முறையும் பித்தளையில் ஒரு மெல்லிய படலம் தேய்ந்துபோகும். தலைமுறை தலைமுறையாக மினுக்கப்பட்டதால், செய்த நிறுவனத்தின் பெயரே மழுங்கிப்போன விளக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உலோகப் பகுதிகளைத் தொடவேண்டி வந்தால் நைற்றைல் கையுறை அணியுங்கள். மோதிரம், மணிக்கூடு இரண்டையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பெரிய கொக்கியுள்ள பெல்ற்றோடு காருக்கு அருகே குனியாதீர்கள்.

இடம் மாற்றுவதற்காகக் காரைத் தள்ளச் சொல்வார்கள். விளக்கையோ, கதவையோ, மட்காட்டையோ பிடித்துத் தள்ளாமல், ரயரிலோ அடிச்சட்டத்தின் இரும்பிலோ கை வைக்கவேண்டும். எந்தக் காருக்கு எந்த இடம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பதில் வெட்கமில்லை. நீண்டகாலம் அசையாமல் நிற்கும் கார்களின் பெற்றோலை வடித்து, பற்றறியைக் கழற்றி, ரயர்கள் ஒரே பக்கம் அமுங்கித் தட்டையாகாதபடி தாங்கிகளின் மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். காரின் கீழே ஒரு தட்டு இருக்கும். அருங்காட்சியகக் கதவு திறப்பதற்கு முன் அந்தத் தட்டுகளைக் குனிந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நேற்றுக் காய்ந்திருந்த தட்டில் இன்று ஒயில் சொட்டு விழுந்திருந்தால் பட்டறைக்குப் போய்ச் சொல்லவேண்டும்.

உடலுக்குக் கேடான விடயங்களும் அங்கே உண்டு. பழைய பிறேக் பட்டைகளிலும் எஞ்சின் கஸ்கெற்றுகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். பிரித்தானியா அதை 1999இல் முற்றாகத் தடைசெய்தது, ஆனால் அருங்காட்சியகத்தில் நிற்பவை எல்லாம் அதற்கு முந்தியவை. பிறேக் தூசியை ஒருபோதும் ஊதாதீர்கள். இருட்டில் ஒளிரும்படி ரேடியம் பூசிய மணிக்கூடுகளும் சில கார்களில் உண்டு. அவற்றைத் திறக்க முயலாதீர்கள். நாள் செல்ல, ஹாண்டில் சுழற்றிக் காரை ஸ்ராட் செய்யவும் உங்களுக்குப் பழக்குவார்கள். மின்சார ஸ்ராட்டர் 1912இல் கடிலாக் காரில் வந்து பரவும்வரை எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்துப் பலருடைய கை முறிந்தது. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிராக வளைக்காமல், அவற்றோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள்.

பார்வையாளர்களிடம் பேசும்போது சொற்களில் கவனம் வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் ‘பழைய கார்’ என்று சொல்லிவிடுவோம். இங்கே 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவைதான் விண்டேஜ். வெற்றரன் என்பது அதிலும் மூத்தது. நவம்பர் மாத முதல் ஞாயிறன்று இலண்டனிலிருந்து பிறைற்றனுக்கு ஓடும் வெற்றரன் கார்கள் 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவையாக இருக்கவேண்டும். காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோகவேண்டும் என்றிருந்த சட்டம் 1896இல் நீங்கி, மணிக்கு 14 மைல் வரை ஓடலாம் என்றானதைக் கொண்டாடும் ஓட்டம் அது. இவ்வளவு தெரிந்தாலே முதல் மாதத்தைச் சமாளிக்கலாம்.

மிச்சத்தைத் தொண்டர்கள் கற்றுத்தருவார்கள். கொவென்றியிலும் பேர்மிங்ஹாமிலும் கார்த் தொழிற்சாலைகளில் வாழ்நாள் முழுவதும் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர்கள், சம்பளம் வாங்காமல் கிழமைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வருவார்கள். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. எழுபத்தெட்டு வயதுப் பெரியவரை வெறும் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை, ‘சேர்’ என்றேன். அவர் அதை விரும்பவில்லை. பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், ஆனால் ஊரில் பெரியவர்கள் முன் அமர்ந்து கேட்பதுபோலக் கேளுங்கள்.

‘ஒன்றும் தெரியாது’ என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல், ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் உங்களுடையது. நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் அப்பா பார்த்திருப்பார், இன்றிரவே தொலைபேசியில் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், லோங்பிறிட்ஜ் ஒஸ்ரின் தொழிற்சாலையில் வேலை செய்த முதியவர் ஒருவர் எங்கள் ஒஸ்ரின் சோமசெற் காரின் முன் வெகுநேரம் நின்றார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் காபுரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள், சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், அழுத்தம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்தான் அதைத் தாங்கும் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். அவர் வாங்கிலில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். தாங்கள் பூட்டிய கார்கள் அப்படி ஒரு காலத்தையும் கடந்து ஓடினவா என்று கேட்டபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. என் உச்சரிப்பைப் பற்றி அன்றுடன் கவலைப்படுவதை விட்டேன்.

வேலை ஒப்பந்தத்தில் கிழமைக்கு எத்தனை மணிநேரம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சனி, ஞாயிறு வேலை கட்டாயம் வரும், ஆண்டுக்கு 5.6 கிழமை சம்பளத்துடன் விடுமுறை உங்கள் உரிமை. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு இங்கே 12 மாதங்கள்தான் ஓட்டலாம், பாதி முடிந்துவிட்டது. பரீட்சைக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். மண்டபத் தரை குளிரும், தடித்த காலுறை அணியுங்கள்.

உங்கள் மண்டபத்தில் மொறிஸ் மைனர் நின்றால், அதன் முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கிறதா, 1956க்குப் பின் வந்ததுபோல் ஒரே துண்டா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றது இரண்டு துண்டுக் கண்ணாடி.