ஓட்டுக்கூரைக்கு ஹேமர் ஸ்டேப்ளர்: கம்பெனியைக் கேட்கும் முன் பின்னைப் பாருங்கள்

ஏற்காட்டில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஓட்டுக்கு அடியில், கைமரத்தின் மேல் அலுமினியம் ஃபாயில் விரித்து அடிக்க ஆன்லைனில் ஹேமர் ஸ்டேப்ளர் வாங்கினோம். ஒரு பக்கக் கூரை முடிவதற்குள் பின் சிக்கி நின்றுவிட்டது. வேறொன்று வாங்கினோம், அதுவும் அப்படியே. நீடித்து உழைக்கிற மாதிரி எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

சுத்தியல் மாதிரி வீசி அடித்தால் பின் இறங்கும் கருவிதான் ஹேமர் ஸ்டேப்ளர். கம்பெனி இருக்கட்டும். எந்தப் பின் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. இப்படிச் சிக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்தான் காரணம்.

பின் பெட்டியின் மேல் 13/8, 140/8 என்று எண் இருக்கும். முதல் எண் பின்னின் வகை, இரண்டாவது காலின் நீளம், மில்லிமீட்டரில். 13 வகை மெல்லிய கம்பி, தடிமன் சுமார் 0.75 மி.மீ. 140 வகை தடித்த கம்பி, சுமார் 1.25 மி.மீ. இரண்டுக்கும் அகலம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் 140-க்கான கருவியில் 13 பின்னைப் போட்டாலும் பிசகில்லாமல் உட்கார்ந்துவிடும். அடிக்கும்போதுதான் வினை. தடித்த ஒரு பின்னுக்கு விட்ட இடைவெளியில் மெல்லிய பின் இரண்டு சேர்ந்து நுழையும். உள்ளே அடிக்கும் தகடு அவற்றின் மேல் மோதி முனை மழுங்கும், வளையும். அதன் பிறகு சரியான பின் போட்டாலும் சிக்கும். கடையில் "எல்லாப் பின்னும் இதில் போகும் சார்" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கூரை வேலைக்குத் தடித்த பின் போடும் கருவிதான் வேண்டும். 140, டி50 என்று எழுதியிருப்பவை அந்த ரகம். ஆரோ கம்பெனியின் ஹெச்டி50 மாடல் டி50 பின்னை எடுக்கும். பாஸ்டிச் கம்பெனியின் ஹெச்30 மாடலுக்கு அந்தக் கம்பெனியின் பவர்கிரௌன் பின் தனியாக வேண்டும். அது உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்காது என்றால் எவ்வளவு நல்ல கருவியானாலும் வாங்காதீர்கள். முதலில் பின்னைத் தேடுங்கள், அப்புறம் அதற்கேற்ற கருவி.

கையில் எடுத்துப் பார்க்கும்போது உடம்பு முழுக்க எஃகாக இருக்கிறதா, பின் அறையை இழுத்துத் திறந்து சிக்கிய பின்னை வேறு கருவியில்லாமல் எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முக்கியமான கேள்வி ஒன்று: அடிக்கும் தகடு தனியாகக் கிடைக்குமா? தேய்வது அதுதான். அது கிடைத்தால் கருவி பல வருடம் வரும்.

ஆன்லைனில் "ஹெவி டியூட்டி" என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒரே அச்சில் வந்த சரக்கு நான்கு பெயர்களில் நான்கு விலைக்கு விற்கிறது. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-லேயே பொட்டல விதிகள் வந்துவிட்டன. முகவரி இல்லாத பெட்டி இன்றும் தாராளமாக வீடு வந்து சேர்கிறது. கேட்பாரில்லை. முகவரி இல்லாதவனிடம் வாரண்டி கேட்டு எங்கே போவது? வாங்கிய பெட்டியில் அது இல்லையென்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் கொடுங்கள். கருவியும் நானே தருகிறேன் என்று சதுர அடிக்குக் கூலி பேசும் இடைத்தரகரிடமும் கவனம் தேவை. மலிவான மெல்லிய பின் கூரைக்குள் போவது பெரும்பாலும் அவர் வழியாகத்தான்.

தேக்கு, பழைய பனங்கை மாதிரி இறுகிய மரத்தில் நீளக் கால் மடங்கிவிடும், 6 அல்லது 8 மி.மீ. போதும். கருவியின் முகம் மரத்தில் தட்டையாக விழும்படி மணிக்கட்டை அசைத்து அடியுங்கள். சாய்ந்து விழுந்தால் ஒரு கால்தான் இறங்கும். ஃபாயிலை விறைப்பாக இழுக்காதீர்கள். மினுமினுப்பான பக்கத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இல்லையென்றால் சூட்டைத் தடுக்காது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஃபாயில் உலோகம், பின்னும் உலோகம். பழைய வீட்டில் கைமரத்தை ஒட்டி ஒயர் ஓடும், தூசியில் தெரியாது. ஒரு பின் அந்த ஒயரைத் துளைத்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். 2009-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் போடும் அரசுத் திட்டத்தில், இப்படி ஃபாயில் அடித்த தொழிலாளி இறந்தார். அதன் பிறகு அந்த அரசுத் திட்டத்தில் ஃபாயிலுக்கு உலோகப் பின்னையே தடை செய்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று ஆசாரி சொல்வார். போதாது. கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரில் அப்போதும் மின்சாரம் இருக்கும், பழைய வீடுகளில் அது கூரை ஓரத்தைத் தொட்டுக்கொண்டுதான் வரும். எனவே மின்பணியாளரை அழைத்து ஒயர் போகும் வழியெல்லாம் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கைமரத்தில் ஓடும் ஒயரைக் கழற்றி வேறு பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். சர்வீஸ் ஒயர் கூரையைத் தொடுகிறதென்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து மாற்றிய பிறகே அந்தப் பக்கம் ஃபாயில் விரியுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஆள் வரமாட்டார்கள்.