பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுக்குத் தினமும் எத்தனை மணி நேரம், எப்படிப் படிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: மாநிலப் பாடத்திட்டம், பத்தாம் வகுப்பு. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு வர மாலை 6 மணி ஆகிறது. படித்ததெல்லாம் பரீட்சையில் மறந்துபோகிறது. காலை 4 மணிக்கு எழுந்தால்தான் மார்க் வருமா?

வேண்டாம். பள்ளி நாட்களில் வீட்டில் சுமார் மூன்றேகால் மணி நேரம் போதும். ஒரு நிபந்தனை உண்டு: அதில் பாதிக்கு மேல் புத்தகத்தை மூடிவைத்து எழுதுவதில் போக வேண்டும். "நாள் முழுக்கப் படிக்கிறான், மார்க் மட்டும் வரவில்லை" என்று பெற்றோர் வருந்தும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது படிப்பு அல்ல, வாசிப்பு. ஒரே பக்கத்தை நான்காம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். கண்ணெதிரே விடை இருப்பதால் வரும் நினைப்பு அது. தேர்வறையில் அந்தப் பக்கம் இருக்காது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். இரவு வாசித்துவிட்டு மறுநாள் ஸ்லிப் டெஸ்டில் முழு மார்க் வாங்கும் பிள்ளை அரையாண்டில் அதே பாடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இனி நேரம். மாலை 6 முதல் 6.30 வரை குளியல், சிற்றுண்டி. அதில் கை வைக்காதீர்கள். 6.30 முதல் 7.20 வரை அன்று பள்ளியில் நடத்திய பாடங்களில் ஒன்று. முதல் 25 நிமிடம் படியுங்கள், மீதி 25 நிமிடம் மூடிவைத்து எழுதுங்கள். பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு, 7.30 முதல் 8.20 வரை இரண்டாவது பாடம், அதே முறையில். சாப்பாடு. 8.50 முதல் 9.20 வரை இலேசானவை: ஒரு மார்க், மனப்பாடப் பாடல், வரைபடம். 9.30-க்குப் படுக்கை, காலை 5.30-க்கு எழுதல். 5.45 முதல் 6.45 வரை ஒரு மணி நேரத்தில் முதல் 20 நிமிடம் முந்தின இரவு படித்ததைப் புத்தகத்தைத் திறக்காமலே எழுத வேண்டும். மீதி 40 நிமிடம் கணக்கு.

எட்டு மணி நேரத் தூக்கத்தைக் குறைத்துப் படிப்பில் சேர்க்க வேண்டாம். 13 முதல் 18 வயதுக்குப் பரிந்துரைக்கப்படுவது 8 முதல் 10 மணி நேரம். படித்தது மனதில் படிவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. 4 மணிக்கு எழுந்து பதினொரு மணி வகுப்பில் தூங்கினால், ஆசிரியர் நடத்திய பாடத்தை வீட்டில் தனியாகப் படிக்க இன்னொரு மணி நேரம் செலவாகும்.

காலை அந்த 20 நிமிடம்தான் இந்த அட்டவணையின் உயிர். பலர் முதலில் விடுவதும் அதைத்தான், ஏனென்றால் கஷ்டமாக இருக்கும், பாதி நினைவுக்கு வராது. வராத இடத்தில் இடம் விட்டுவிட்டு எழுதுங்கள். முடித்தபின் புத்தகத்தைத் திறந்து விட்ட இடங்களைச் சிவப்புப் பேனாவில் நிரப்புங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்தால் போதும். பாடம் முழுவதையும் அல்ல.

திரும்பப் பார்ப்பதற்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாடத்தை முடித்ததும் அதன் முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் நான்கு தேதி எழுதுங்கள்: 1 நாள், 3 நாள், 7 நாள், 21 நாள் கழித்து வரும் தேதிகள். முதல் தேதி மறுநாள் காலையே வந்துவிடும். மற்றவற்றை 8.50 மணி வேளையில், பாடத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்து முடியுங்கள். சமூக அறிவியலுக்கு இது இல்லாமல் முடியாது. வரலாறு 10, புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5 என்று 27 பாடங்கள். ஜூனில் படித்த முதல் உலகப் போரை பிப்ரவரியில் திறந்து பார்த்தால் புதுப் பாடம் மாதிரிதான் இருக்கும்.

கணக்கைத் தினமும் தொட வேண்டும். நூறு மார்க் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு மார்க் 14. இரண்டு மார்க் 14-இல் 10, அதாவது 20 மார்க். ஐந்து மார்க் 14-இல் 10, அதாவது 50 மார்க். கடைசியில் எட்டு மார்க் இரண்டு, 16 மார்க். அந்த இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். கணக்கு வரவே வராது என்று நினைக்கும் பிள்ளை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த 16-ஐயும், பயிற்சிகளின் இறுதியில் உள்ள ஒரு மார்க் கேள்விகளைக் காரணத்தோடு புரிந்து படித்துப் பத்தையும் எடுத்தால் 26. ஐந்து இரண்டு மார்க் கணக்கு சரியானால் 36. தேர்ச்சிக்கு 35.

வடிவியலில் அதிகம் தவறு நடப்பது ஒத்த முக்கோணம் வரைவதில். விகிதம் 3/5 என்றால் ஒரு மாதிரி, 7/4 என்றால் வேறு மாதிரி என்று தனித்தனியாக மனப்பாடம் செய்து குழம்புகிறார்கள். இரண்டுக்கும் விதி ஒன்றுதான். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து சாய்வாக வரையும் கதிரின் மேல், இரண்டு எண்களில் பெரியது எதுவோ அத்தனை புள்ளிகள். கீழே உள்ள எண்ணின் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு இணைக்க வேண்டும். மேலே உள்ள எண்ணின் புள்ளி வழியாக அதற்கு இணைகோடு. 7/4 என்றால் ஏழு புள்ளிகள், நான்காவதை மறுமுனையோடு இணைத்து, ஏழாவதிலிருந்து இணைகோடு. அது நீட்டிய அடிப்பக்கத்தை வெளியே வெட்டும், முக்கோணம் பெரிதாகும். 3/5-இல் கோடு உள்ளே வெட்டும், சிறிதாகும். வரைந்தபின் பெரிதானதா சிறிதானதா என்று ஒரு பார்வை பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். உதவிப்படத்தை விடாதீர்கள். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பதும், அட்டவணையில் குறை எண்ணின் வர்க்கத்தைக் குறை என்றே எழுதிவிடுவதும் வழக்கமான இழப்புகள். (−3)-இன் வர்க்கம் 9. அந்த ஒரு புள்ளி தவறினால் வளைவரை சீராக வராது. வளைவு நடுவில் கோணலாகப் போனால் பென்சிலைக் குறை சொல்லாமல் அட்டவணையைத் திருப்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வடிவியல், ஒரு வரைபடம், உண்மையான வரைபடத் தாளிலேயே போட வேண்டும். கோடு போட்ட நோட்டில் போட்டுப் பழகுவது பயன்படாது.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் தனித்தனியாக வேண்டும் என்பதால் செய்முறை வகுப்பை அலட்சியம் செய்யக் கூடாது. 75-ஐப் பிரித்தால் ஒரு மார்க் 12, இரண்டு மார்க் ஏழு, நான்கு மார்க் ஏழு, ஏழு மார்க் மூன்று. இயற்பியல், வேதியியல் கணக்குகளைச் சிலர் அப்படியே ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறான முடிவு, ஏனென்றால் அவை ஒரே வழியில் போகும்: கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு. 27 கிராம் நீரில் எத்தனை மோல்? நிறையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் 27/18, 1.5 மோல். இதில் தவறுவது எங்கே என்றால், ஆக்சிஜன் வாயு என்று கேட்டிருக்கும்போது 32-க்குப் பதில் 16-ஆல் வகுப்பது. கேள்வியில் அணுவா மூலக்கூறா என்று அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்கினால் தவறாது. உயிரியல் படங்களைப் புத்தகத்தைப் பார்த்து வரையாதீர்கள். ஒரு முறை பார்த்து, மூடி, பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, பிறகு ஒப்பிடுங்கள். அழகைவிடப் பாகங்கள் சரியாக இருப்பதே முக்கியம்.

சமூக அறிவியல் வரைபடத்துக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து இடம் போதும், ஆனால் வெற்று வரைபடத்தில். ஆறு என்றால் கோடு, மலை என்றால் அதன் நீளத்துக்கு ஏற்ற குறி, மண் வகை என்றால் பரப்பை நிழலிடுதல், நகரம் என்றால் புள்ளி. எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பது பெரிய தவறு.

தமிழில் மனப்பாடப் பாடலைச் சொல்லிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எழுதிப் பாருங்கள். வாயில் சரியாக வரும் சொல் கையில் ஒற்றுப்பிழையோடு வரும். அலகிடுதல், அதாவது குறளைச் சீர் சீராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வாய்பாடு எழுதுவது, முறையாகச் செய்தால் முழு மார்க் தரும் பகுதி. குறளின் கடைசிச் சீருக்கு மட்டும் வாய்பாடு வேறு: நாள், மலர், காசு, பிறப்பு. அங்கே தேமா, புளிமா என்று எழுதுவதால்தான் மார்க் போகிறது. ஆங்கிலத்துக்கு வாரம் இரண்டு முறை கடிதமோ பத்தியோ சொந்தமாக எழுதினால் போதும்.

இவையெல்லாம் போக ஒரு தனி நோட்டு வேண்டும். ஸ்லிப் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு என எந்தத் தாள் கைக்கு வந்தாலும் இழந்த ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தெரியாததா, மறந்ததா, தெரிந்தும் தவறியதா, நேரம் போதாததா. இருபது வரி சேர்ந்ததும் எந்த வகை அதிகம் என்று தெரியும். தெரிந்தும் தவறுகிற பிள்ளையை இன்னொரு டியூஷனுக்கு அனுப்புவதால் ஒன்றும் மாறாது. அவருக்கு வேண்டியது சரிபார்க்கும் பழக்கம். நேரம் போதாதவருக்கு வேண்டியது கடிகாரம் வைத்து எழுதும் பயிற்சி.

அந்தப் பயிற்சியை அரையாண்டுக்குப் பின் ஞாயிறுதோறும் தேர்வு நேரத்திலேயே வையுங்கள். 10 மணி முதல் 10 நிமிடம் வினாத்தாள் வாசிக்க, 5 நிமிடம் விடைத்தாளில் விவரம் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. வாசிக்கும் பத்து நிமிடத்தில் கட்டாய வினாக்களை முதலில் பாருங்கள். கணக்கில் 28-ம் 42-ம். அவற்றுக்கு மாற்று இல்லை. பிறகு 14-இல் எந்தப் பத்து என்று முடிவு செய்யுங்கள். கணக்குத் தாளுக்கு நிமிடப் பங்கீடு இப்படி வைக்கலாம்: ஒரு மார்க் பகுதிக்கு மொத்தம் 12, இரண்டு மார்க் ஒவ்வொன்றுக்கும் 4, ஐந்து மார்க்குக்கு 8, எட்டு மார்க்குக்கு 15. கூட்டினால் 162, மீதி 18 நிமிடம் சரிபார்க்க. ஒரு ஐந்து மார்க் கணக்கு 8 நிமிடத்தில் முடியவில்லை என்றால் இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அதிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தான் கடைசியில் தெரிந்த வரைபடத்தையும் போடாமல் வருகிறார்கள்.

இடையில் காய்ச்சல், விசேஷம், ஊர்த் திருவிழா என்று நாட்கள் போகத்தான் செய்யும். விட்டதை மறுநாள் அட்டவணையில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் மறுநாளும் முடியாமல், மூன்றாம் நாள் அட்டவணையே கிழிந்துவிடும். விட்ட பாடத்தின் பெயரை ஞாயிறு மதியத்துக்கு எழுதிவைத்துவிட்டு, அன்றன்றைய வேலையை அப்படியே தொடருங்கள். நேரமே இல்லாத நாளில் மாலைப் பாடம் இரண்டையும் விட்டுவிடலாம். காலை 20 நிமிட எழுத்தை மட்டும் விட வேண்டாம்.