கினிப்பன்றிக்கு வயிறு சரியில்லையா, உடம்பில் கட்டியா? கேள்வி பதில்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பதினோரு வருடமாக வீட்டில் கினிப்பன்றி வளர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம், என் கையால் தப்புச் செய்து அழுது கற்றுக்கொண்டது கொஞ்சம். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வயிற்றைப் பற்றி, மீதி கட்டியைப் பற்றி. முதல் கேள்வி கேட்டவருக்கு அன்றைக்கே போனில் பதில் சொல்லிவிட்டேன், அது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை. மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

கேள்வி (முத்தியால்பேட்டை): அக்கா, எங்கள் கினிப்பன்றி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து எதையும் தொடவில்லை. கொத்தமல்லியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாய்க்கு வயிறு கெட்டால் ஒரு வேளை பட்டினி போடுவோமே, அதுபோல நாளை வரை விட்டுப் பார்க்கலாமா?

பதில்: விடக் கூடாது. நாயும் கினிப்பன்றியும் ஒன்றில்லை. இதன் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. தின்ற புல் அங்கேதான் நல்ல நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கிறது. மேலிருந்து புல் வருவது நின்றால் குடல் அசைவு மெதுவாகும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், காற்றுச் சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது. இதற்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரிடம் கிளம்ப வேண்டிய நேரம்.

கிளம்புவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மிருதுவாக இருந்தால், அது சாப்பிடும் பெல்லட்டை (கடையில் விற்கும் உருட்டுத் தீவனம்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுக்கலாம். முன்பல்லுக்குப் பக்கவாட்டில் வைத்து, ஒரு முறைக்கு அரை மில்லி, அது மென்று விழுங்கியதும் அடுத்தது. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். இப்படி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் மொத்தமாகப் பத்து மில்லி அளவு. வயிறு மத்தளம் மாதிரி உப்பி, தட்டினால் காற்றுச் சத்தம் கேட்டால் எதுவும் ஊட்ட வேண்டாம். அப்படியே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள், ராத்திரியாக இருந்தாலும்.

மருத்துவரிடம் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். கினிப்பன்றிக்கு 20 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளரும். கடைவாய்ப்பல் சாய்ந்து நாக்கை அழுத்தினால், பசி இருந்தும் மெல்ல முடியாது. தாடை ஈரமாக இருந்தாலோ, தின்ன வந்து வாயில் எடுத்துக் கீழே போட்டாலோ, பெரும்பாலும் பல்தான்.

எங்கே போவது என்று பலர் கேட்கிறீர்கள். நம் ஊரில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூர்க்காரர்களுக்கும் அது தூரமில்லை. தனியார் மருத்துவரிடம் போவதாக இருந்தால், “முயல், கினிப்பன்றி பார்ப்பீர்களா?” என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். போகும்போது அன்றைக்குப் போட்ட புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்): புழுக்கை இரண்டு நாளாக ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டி வருகிறது. நன்றாகத்தான் ஓடி ஆடுகிறது. பையன் காலையில் இட்லி ஊட்டுவான், நான் தர்பூசணி போட்டேன். பயப்பட வேண்டுமா?

பதில்: இட்லியையும் தர்பூசணியையும் இன்றே நிறுத்துங்கள். அரிசி, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு எல்லாமே மாவும் சர்க்கரையும். அவை உள்ளே போனால் குடலில் கெட்ட நுண்ணுயிர் பெருகும். இரண்டு மூன்று நாளைக்குக் காய்கறி, பழம் எதுவும் வேண்டாம். காய்ந்த புல், தண்ணீர், வழக்கமான பெல்லட் கொஞ்சம், அதோடு தினமும் ஒரு சின்னக் கொய்யாத் துண்டு மட்டும். உருவம் இருந்து மெத்தென்று வரும் புழுக்கை இதிலேயே சரியாகிவிடும்.

ஆனால் உருவமே இல்லாமல் தண்ணீராகப் போய், பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தால் அது வேறு கதை. அந்தக் கழிச்சலில் ஒரு நாளுக்குள்ளேயே உடம்பு வற்றிவிடும், குட்டியாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அப்போது புல்லை மாற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஓம வாட்டர், குழந்தைக்கு வைத்திருக்கும் கழிச்சல் மாத்திரை என்று எதையும் கொடுக்கவும் வேண்டாம்.

கேள்வி (அரியாங்குப்பம்): தும்மிக்கொண்டே இருந்தது. மகளுக்குச் சளிக்கு எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது. இரண்டு சொட்டுக் கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நான் வளர்த்த இரண்டாவது பெட்டையை இதே சிரப்பால்தான் இழந்தேன். அதன் முன்னங்காலில் சின்னப் புண், ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் இல்லை, குழந்தைக்கே கொடுக்கும் மருந்துதானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கழிச்சல் தொடங்கியது, ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. புண் ஆறிக்கொண்டுதான் இருந்தது.

காரணம் இதுதான்: பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். அந்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். இதற்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் தனியாக இருக்கிறது, அதை மருத்துவர் எடை பார்த்து எழுதுவார். நாயும் பூனையும் மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவராக இருந்தால், “சார், இது பெனிசிலின் வகையா?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். தும்மலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், இவற்றுக்கு நுரையீரல் சளி வேகமாக முற்றும்.

கேள்வி (வில்லியனூர்): கினிப்பன்றிக்கென்று விற்கும் காய்ந்த டிமோத்தி புல் ஆன்லைனில் விலை கட்டுப்படியாகவில்லை. வயல் பக்கம் வீடு. வைக்கோல் போதுமா?

பதில்: வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது. சத்தும் இல்லை, முனை வாயைக் குத்தும். உங்களுக்கு அருகம்புல் இருக்கிறது, கினியாப்புல் இருக்கிறது, மாடு வைத்திருப்பவரிடம் இளசான கோ-4 தீவனப்புல் கிடைக்கும். நான் அருகம்புல்லை மொட்டைமாடியில் தொட்டியில் வளர்க்கிறேன். தெருவோரம் அறுத்தால் நாய் மூத்திரமும் பூச்சிமருந்தும் சேர்ந்து வரும். வயல் வரப்பு என்றால் எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு அறுங்கள்.

அறுத்த பச்சைப்புல்லைக் குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் கைவிட்டால் சூடு தெரியும், அது புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தின்றால் வயிறு உப்பும். ஃபேனுக்கடியில் பரப்பி ஆறவிட்டுப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த புல்லில் பூஞ்சை வரும். மக்கிய வாசனை வந்தால் மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். குதிரைமசாலிலும் (லூசர்ன்) அகத்தியிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம். வளர்ந்த பிராணிக்குத் தினமும் கொடுத்தால் மூத்திரப்பையில் கல் விழ வாய்ப்பு உண்டு.

அப்புறம் வைட்டமின் சி. நம்மைப் போலவே இதன் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதனால் விரல் அகலத் துண்டு போதும். அல்லது குடைமிளகாய் ஒரு துண்டு. தண்ணீரில் சொட்டு கலந்து வைத்தால் வெளிச்சத்திலும் சூட்டிலும் சத்து போய்விடும். சி குறைந்தால் மூட்டு வலிக்கும், ஈறு வீங்கும், கடைசியில் சாப்பாடும் நிற்கும். இரண்டு மாதம் கடையில் கிடந்த பெல்லட்டை நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி (பாகூர்): குனிந்து தன் புழுக்கையையே எடுத்துத் தின்கிறது. பசியா?

பதில்: பசி இல்லை. குடலில் உண்டான பி வைட்டமின்களை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது. தடுக்காதீர்கள்.

கேள்வி (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்): தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் இருந்த கட்டி பத்து நாளில் எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொல்கிறார். பழுத்ததும் அமுக்கி எடுத்துவிடலாமா?

பதில்: பாட்டியின் அக்கறை புரிகிறது தம்பி. ஆனால் சுண்ணாம்பு இந்த மெல்லிய தோலை வேகவைத்துவிடும். போட்ட இடத்தைக் காலால் வழித்து நக்கிவிடும், வாய்க்குள்ளும் வெந்துவிடும்.

அந்த இடத்தில் வேகமாக வளரும் கட்டி பெரும்பாலும் சீழ்க்கட்டி. கழுத்துப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது கினிப்பன்றிகளில் அடிக்கடி நடப்பது. முரட்டுப் புல் வாயில் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே கிருமி போய்விடும். பல் வேரில் சீழ் பிடித்தாலும் அங்கேதான் வீங்கும். சில சமயம் அது புற்றாகவும் இருக்கலாம், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மருத்துவர் மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்துச் சொல்வார்.

அமுக்கவே கூடாது. இதன் சீழ் மனிதருக்கு வருவதுபோல ஒழுகாது, பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும். அமுக்கினால் உறை உள்ளே கிழிந்து கழுத்துக்குள் பரவும், ரத்தத்திலும் கலக்கும். மருத்துவர் கீறி, வழித்தெடுத்து, பெரும்பாலும் தையல் போடாமல் திறந்தே விடுவார். வாயைத் திறந்து வைத்திருக்கும் புண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். அது அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும், தோல் முதலில் மூடினால் உள்ளே மறுபடி சீழ் சேரும். தினமும் இரண்டு வேளை சலைனால் (மருந்துக்கடை உப்பு நீர்) கழுவச் சொல்வார். எங்கள் வீட்டில் ஒன்றுக்குப் பதினெட்டு நாள் கழுவினேன், முதல் மூன்று நாள் கை நடுங்கியது, அப்புறம் அதுவே காட்டிக்கொண்டு நின்றது. கூட வேறு கினிப்பன்றி இருந்தால் இன்றே பிரித்து வையுங்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அறுவைக்கு முன் ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், இது வாந்தி எடுக்காத பிராணி, பட்டினி குடலை நிறுத்திவிடும் என்று சொல்லி, எத்தனை மணி நேரம் அவசியம் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி (உழவர்கரை): ஆண் குட்டி, இரண்டு மாதம். பின்னங்கால்களுக்கு நடுவே இரு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு கட்டி!

பதில்: விதைகள்தான், வயதுக்கு வந்துவிட்டது. கூட பெட்டை இருந்தால் உடனே பிரியுங்கள். மூன்று வாரத்திலேயே இனச்சேர்க்கை முடியும் பிராணி இது.

கேள்வி (ரெட்டியார்பாளையம்): வால் பக்கம் முதுகில் உருண்டையாக ஒரு கட்டி. வலி இல்லை. ஒரு நாள் தானாக உடைந்து வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி வந்தது.

பதில்: முடி வேர்ப்பையில் கொழுப்பு அடைத்து உண்டாகும் கட்டியாக இருக்கலாம். அந்த இடத்தில், அதுவும் ஆண்களுக்கு, அடிக்கடி வரும், பெரும்பாலும் சாதுவானது. உடைந்த இடத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மறுபடி நிரம்பிக்கொண்டே இருந்தால் பையோடு எடுத்துவிடுவதுதான் முடிவு. வால் நுனி எலும்புக்கு மேல் பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி இருப்பது கட்டி இல்லை, அது அங்கே உள்ள சுரப்பி.

கேள்வி (நெல்லிக்குப்பம்): மூன்று வயதுப் பெட்டை. தனியாகத்தான் இருக்கிறது. வயிறு இரு பக்கமும் பெரிதாகிறது, விலாவில் முடி ஒரே அளவாகக் கொட்டுகிறது. சாப்பாடு குறைவு. வாயுவா?

பதில்: இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோலச் சமமாக முடி கொட்டி, சொறிதலும் இல்லை என்றால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் சினைப்பை நீர்க்கட்டி. ஒன்றரை வயதைத் தாண்டிய பெட்டைகளுக்கு மிக அதிகம். அது வளர்ந்து குடலை நெருக்குவதால்தான் சாப்பாடு குறைகிறது. நாம் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். கையால் அழுத்தித் தேடாதீர்கள், உள்ளே உடையலாம்.

உங்கள் கடிதத்தில் எடை எவ்வளவு என்று இல்லை. மற்ற கடிதங்களிலும் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து, வாரம் ஒரு நாள், அதே வேளையில் நிறுத்துக் காலண்டரில் எழுதுங்கள். 900 கிராம் உள்ளது ஒரு வாரத்தில் 50 கிராம் இறங்கினால் கவனியுங்கள், 100 இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். கினிப்பன்றி நோயை மறைக்கும், வேட்டையாடப்படும் பிராணிகளின் குணம் அது. நமக்கு முகத்தில் தெரியும்போது தராசில் பத்து நாளாகத் தெரிந்துகொண்டிருந்திருக்கும். நிறுக்கும்போதே தாடை, கக்கம், வயிறு, முலைக்காம்பு, பின்பக்கம் என்று விரலால் தடவிவிட்டால் கட்டியும் பட்டாணி அளவிலேயே கைக்குப் பட்டுவிடும்.

கேள்வி (முதலியார்பேட்டை): ஐந்து வயது ஆண். முலைக்காம்புக்கு அடியில் கெட்டியான கட்டி. ஆணுக்கு அங்கே கட்டி வருமா? மருத்துவர் எடுக்கலாம் என்கிறார், மயக்க மருந்து ஆபத்து என்றும் சொல்கிறார். வீட்டில் இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்: ஆணுக்கும் வரும், கினிப்பன்றிகளில் அது அபூர்வம் இல்லை. பரவும் வகையாகவும் இருக்கலாம் என்பதால்தான் மருத்துவர் எடுக்கச் சொல்லியிருப்பார். ஐந்து வயது இதற்கு முதுமைதான், ஆனால் எட்டு வயது வரை இருப்பவையும் உண்டு. நான் கேட்கும் கேள்விகள் இவை: எடை குறையாமல் இருக்கிறதா? தானாகத் தின்கிறதா? கட்டி தோலுக்கடியில் நகர்கிறதா, தசையோடு ஒட்டியிருக்கிறதா? நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருக்கிறதா? நன்றாகத் தின்று, எடை நின்று, கட்டி நகர்ந்தால் நான் அறுவைக்குக் கொடுப்பேன், இந்த மாதத்திலேயே. நெஞ்சில் பரவியிருந்தால் கொடுக்க மாட்டேன். வலிக்கு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு, புல்லும் கொத்தமல்லியும் போட்டு மடியில் வைத்திருப்பேன்.

எங்கள் வீட்டுக் கினிப்பன்றி ஒன்றுக்கு இப்படிக் கட்டி வந்தபோது அறுவைக்குக் கொடுத்தேன். மருத்துவமனையில் கண் திறந்ததும் கொத்தமல்லிக் காம்பை மூக்கருகே நீட்டினேன், இருபது நிமிடம் கழித்து மெல்லத் தொடங்கியது. நீங்களும் கையில் ஒரு கட்டுக் கொண்டு போங்கள்.