பார்க்கின்சன் மாத்திரையும் அப்பாவின் சூதாட்டமும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. பார்க்கின்சன் நோய்க்கு ஓராண்டாக பிராமிபெக்சோல் சாப்பிடுகிறார். சீட்டுக்கட்டையே தொடாத மனிதர், இப்போது விடிய விடிய செல்போனில் பணம் கட்டி விளையாடுகிறார். கேட்டால் கோபம், பொய். சேமிப்பில் பாதி போய்விட்டது. இது முதுமை மறதியின் தொடக்கமா?

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மாத்திரையின் பெயர்தான். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைச் செய்பவை. கை நடுக்கமும் உடல் இறுக்கமும் குறைவது அதனால்தான். ஆனால் ‘இன்னும் ஒரு தடவை’ என்று மனத்தை இழுப்பதும் அதே டோபமின்தான். அந்த இழுப்பு மிஞ்சிப்போனால் சிலர் சூதாடுவார்கள், சிலர் வேண்டாத பொருளையெல்லாம் வாங்கிக் குவிப்பார்கள். சிலருக்குப் பாலியல் வேட்கை கட்டுக்கடங்காமல் போகும். சொல்லக் கூசி, வீட்டில் மறைப்பார்கள். 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், 3,000க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இத்தகைய தொல்லை ஏதேனும் ஒன்று இருந்தது. மருந்து தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் இது வரலாம் என்பதால், இரண்டையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. மருந்து எழுதும்போதே குடும்பத்தாரிடம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. நடுக்கம் எப்படி என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம், அது எங்கள் தவறு.

மறதி நோயா என்பதை நேரில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். இருந்தாலும் முதலில் மருந்தைத்தான் சந்தேகிப்பேன்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: மாத்திரையை நீங்களாக நிறுத்துவது. திடீரென நிறுத்தினால் உடல் இறுகிப்போகும். கடும் பதற்றமும் சோர்வும் வரும். அரிதாக, உயிருக்கே ஆபத்தான காய்ச்சலும் வரக்கூடும். நரம்பியல் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், தேவைப்பட்டால் லெவோடோபா என்ற வேறொரு பார்க்கின்சன் மருந்தை வைத்துச் சமாளிப்பார். அளவு குறைந்ததும் பலருக்கு இந்த வெறி தணிந்துவிடுகிறது. அதுவரை வங்கிக் கணக்கை அப்பாவின் சம்மதத்தோடு நீங்கள் கவனியுங்கள்.

இல்லாத ஆட்கள் அறையில் இருப்பதாகச் சொல்கிறாரா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். அதுவும் இந்த மருந்தால் வரலாம். சளிக்கோ தூக்கத்துக்கோ தானாகக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றில் சில, வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும். எந்த மாதம் எந்த அளவு, விளையாட்டு எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அப்பா வாய்திறக்கத் தயங்கினாலும் அந்தத் தாள் பேசும்.